கூட்டம் ஒருபோதும் ஒரே சீராய் வருவதில்லை

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் இரவு எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுமத்தில் "வந்திட்டுதாம்" என்று போடுவார். அவ்வளவுதான். பரீட்சை எழுதிய லட்சக்கணக்கான பிள்ளைகள், அவர்களின் அம்மாமார், மாமாமார், ரியூசன் சேர், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் சுட்டெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வாசலில் போய் நிற்பார்கள். பக்கம் சுத்திக்கொண்டே இருக்கும். திரும்ப அமத்துவோம். திரும்பவும் சுத்தும். "இவங்களுக்கு ஒரு நல்ல சேர்வர் வாங்கக் காசில்லையோ" என்று நாங்களும் நக்கலடித்திருக்கிறோம்.

எங்களுக்கே அது நடக்கும் வரைக்கும்தான் அந்த நக்கல்.

நாங்கள் உப்புவெளியில் இருக்கும் ஆறேழு பேர். சிலர் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் படித்தவர்கள், சிலர் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிகளுக்கு வேலை செய்பவர்கள். சீசனில் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு இணையத்தளம் செய்துகொடுப்போம். அப்படியிருக்க ஒரு கல்வி அமைப்பு எங்களிடம் வந்தது. உயர்தர மாணவர்களுக்கு இலவசக் கடைசி நேரக் கருத்தரங்கு. மண்டபத்தில் 300 இடம். பதிவு இணையத்தில். ஞாயிறு இரவு 7 மணிக்குத் திறக்கும், முதலில் வருபவருக்கு இடம். காசு வாங்காமல் செய்துகொடுத்தோம். சமூக வேலைதானே.

சோதிக்காமல் விடவில்லை. 100 போலிப் பயனர்களை உருவாக்கி, பத்து நிமிசம் விடாமல் தளத்துக்குள் அனுப்பினோம். சராசரிப் பதில் நேரம் அரைச் செக்கனுக்கும் குறைவு. ஒரு பிழையும் இல்லை. பச்சை நிற வரைபடத்தை ஸ்கிரீன்சொட் எடுத்துக் குழுமத்தில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

7 மணிக்குத் தளம் விழுந்தது. எழும்பியது. திரும்ப விழுந்தது. ஓடிஓடிச் சரிசெய்து 7.40 போல நிமிர்ந்து பார்க்க, 300 இடமும் முடிந்திருந்தது. சிலருடைய பெயர் இரண்டு மூன்று தரம் பதிவாகியிருந்தது. பட்டியலை அடுத்த நாள் ஆறுதலாய் இருந்து பார்த்தோம். அநேகமானோர் ரவுன் பக்கம், வீட்டில் பைபர் இணைப்பு இருப்பவர்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று வெளியிடங்களிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அன்றிரவு குச்சவெளிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி அனுப்பிய செய்தி இன்னும் எங்கள் போனில் இருக்கிறது. "அண்ணா, 7 மணியில இருந்து விடாம அமத்தினன். டேட்டா முடிஞ்சுது. பிறகு ரீலோட் போட்டு வந்து பார்த்தா இடமும் முடிஞ்சுது." எங்களுடைய பச்சை வரைபடத்தில் அந்தப் பிள்ளை எந்த இடத்திலும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தேத்தண்ணிக் கடையும் கொழும்பு பஸ்ஸும்

எங்கே பிழைத்தோம்? 100 என்ற எண்ணிக்கை சின்னது என்பது உண்மைதான். ஆனால் அதை 1000 ஆக்கியிருந்தாலும் பிழைத்திருப்போம். எண்ணிக்கையை விடப் பெரிய பிழை வடிவத்தில் இருந்தது.

ஒரு தேத்தண்ணிக் கடையை நினையுங்கள். அங்கே 20 கூட்டாளிமார் மட்டும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் குடித்து முடித்தபிறகுதான் அடுத்த தேத்தண்ணிக்குச் சொல்லுவார்கள். கடைக்காரர் மெதுவாய்ப் போட்டால் அவர்களும் மெதுவாய்க் கேட்பார்கள். எவ்வளவு மெதுவானாலும் கடையில் 20 பேருக்கு மேல் நிற்கப்போவதில்லை. எங்கள் சோதனை இப்படித்தான் இருந்தது. சுமைச் சோதனைக்காரர்கள் இதை மூடிய மாதிரி என்பார்கள்.

இப்போது அந்தக் கடை பஸ் நிலையத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கொழும்பு பஸ் வருகிறது, கண்டி பஸ் வருகிறது. "உள்ளே சனம் கூடிப்போச்சு, நாங்கள் பிறகு வாறம்" என்று எந்த பஸ்ஸும் திரும்பிப் போகாது. கடைக்காரரின் வேகத்துக்கும் சனம் வரும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது திறந்த மாதிரி. பதிவுத்தளம், பெறுபேற்றுத்தளம் எல்லாம் இந்த வகை.

கணக்கு எளிது. செக்கனுக்கு 10 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் 2 செக்கன் எடுக்கிறது என்றால் எந்த நேரமும் உள்ளே சராசரியாய் 20 பேர் இருப்பார்கள். தளம் மந்தமாகி 20 செக்கன் எடுக்கத் தொடங்கினால் உள்ளே 200 பேர். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. டென்மார்க்கின் ஏர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை வைத்து வரிசைகளின் கணக்கை 1909இலேயே எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் மூடிய மாதிரியில் அதே மந்தம் வந்தால் என்ன நடக்கும்? 20 போலிப் பயனர்களும் காத்துக்கொண்டு நிற்பார்கள், செக்கனுக்கு 10 ஆக இருந்த கோரிக்கை 1 ஆகக் குறையும். தளம் தடுமாறும் நேரத்தில் சோதனைக்கருவி தானே சுமையைக் குறைத்து அதைக் காப்பாற்றிவிடும். சோதிக்க வந்தவரே பரீட்சையில் விடை சொல்லிக்கொடுத்த மாதிரி.

2006இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரோடர், வியர்மன், ஹார்ச்சல்-பால்டர் ஆகிய மூவர் இதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். சராசரிச் சுமை ஒன்றாய் இருந்தாலும் இந்த இரண்டு மாதிரிகளிலும் பதில் நேரம் மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபடும் என்று காட்டினார்கள். இத்தனை வருசம் கழித்தும் நாங்கள் அதே குழியில் விழுந்தோம்.

சுமையை எழுதுவது

பிறகு உட்கார்ந்து படித்தோம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஜேமீட்டர் 1998இலிருந்து இருக்கிறது. அதன் பழைய முறை மூடிய மாதிரிதான். திறந்த மாதிரிக்கான தனிப் பகுதி 2022இல் வந்த 5.5 பதிப்பில்தான் சேர்ந்தது. கட்லிங்கில் திறந்த, மூடிய என்று இரண்டையும் பெயர் சொல்லியே தெரிவுசெய்யலாம். கே6இல் செக்கனுக்கு எத்தனை பேர் வரவேண்டும் என்று படிப்படியாய் எழுதலாம். பைதன் தெரிந்தவர்களுக்கு லோகஸ்ட், தமிழில் சொன்னால் வெட்டுக்கிளி. அதில் சுமையின் வடிவத்துக்கென்றே ஒரு வகுப்பு உண்டு. அதற்குள் டிக் என்றொரு செயற்கூறு. சோதனை ஓடும்போது கருவி அதை ஏறக்குறைய ஒவ்வொரு செக்கனும் கூப்பிட்டு "இப்ப எத்தனை பேர்? என்ன வேகத்தில் சேர்க்கவேணும்?" என்று கேட்கும். நாங்கள் விடை சொல்லவேண்டும். ஒன்றுமில்லை என்று சொன்னால் சோதனை முடியும்.

அந்தக் கேள்வி எங்களை யோசிக்கவைத்தது. இப்போது எத்தனை பேர்? 6.55க்கு எத்தனை? 7 மணி 10 செக்கனுக்கு எத்தனை? அதற்கு விடை கணினியில் இல்லை, ஊரில் இருக்கிறது. அன்றைய பதிவேட்டையும் எங்கள் ஊர் அனுபவத்தையும் வைத்து இப்படி எழுதினோம்:

முதல் 5 நிமிசம்: 20 பேர். முன்கூட்டியே வந்து எட்டிப்பார்ப்பவர்கள்.
7 மணிக்கு முந்தின 1 நிமிசம்: 20இலிருந்து 200. பக்கத்தைத் திரும்பத்திரும்பத் திறப்பவர்கள்.
7 மணியிலிருந்து 30 செக்கனுக்குள்: 800.
அடுத்த 10 நிமிசம்: மெல்ல 300க்கு இறக்கம்.
பிறகு முக்கால் மணி நேரம்: 60.
9 மணிக்கு: இன்னொரு சின்ன மேடு, 150. கடை பூட்டி வீட்டுக்கு வரும் அப்பாவின் போனில் பதிபவர்கள்.

இது வெளிக்கோடுதான். உள்ளே இன்னும் மூன்று விசயம் சேர்த்தோம்.

முதலாவது, திரும்ப அமத்துவது. பிழை வந்தால் எங்கள் பழைய போலிப் பயனர் அமைதியாய் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். உண்மையான மனிசர் அப்படிப் போவாரா? மூன்று செக்கனில் திரும்பி வருவார், தம்பியின் போனிலும் திறப்பார். ஆகவே பிழை கண்ட பயனர் 3 முதல் 10 செக்கனுக்குள் திரும்பி வரும்படி எழுதினோம். எங்களைக் கவிழ்த்ததில் பெரும் பங்கு இதற்குத்தான். விழுந்த தளத்தின் மேல் விழுகிற சுமை, முதல் சுமையை விடப் பெரிது.

இரண்டாவது, மெதுவான இணைப்பு. எங்கள் போலிப் பயனர்கள் எல்லோரும் உப்புவெளி பைபரில் இருந்து போனவர்கள். குச்சவெளியில் ஒற்றைக் கோடு சிக்னலில் ஒரு படிவம் ஏறி முடிய நேரமெடுக்கும். அந்த நேரம் முழுக்க அது சேர்வரில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். ஆகவே பயனர்களில் ஒரு பங்கினரின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்தோம்.

மூன்றாவது, ஒழுங்கின்மை. மனிசர் சரியாய் ஒரு செக்கனுக்கு ஒருதரம் கிளிக் பண்ணுவதில்லை. ஒருவர் வாசித்துப்பார்ப்பார், ஒருவர் அடையாள அட்டையைத் தேடப் போவார். எனவே இடைவெளிகளைத் தற்போக்காய் விட்டோம். ஆனால் தற்போக்கு எண்களின் தொடக்க விதையைக் கோட்டில் நிலையாய் வைத்தோம். இல்லாவிட்டால் இன்று விழுந்த சோதனை நாளை விழாது, ஏன் விழுந்தது என்று தேடவும் முடியாது.

இந்த வடிவத்தை ஓடவிட்டபோது எங்கள் தளம் ஒரு நிமிசம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வெட்கமாய் இருந்தது. ஆனால் அன்றுதான் முதல்தடவை ஒரு உண்மையான சோதனை செய்தோம்.

இது ஏன் கோட்டில் இருக்கவேண்டும்

கருவியின் திரையில் நாலு பெட்டியை நிரப்பி "ஓடு" என்று அமத்தினாலும் சுமை வரும்தானே என்று கேட்கலாம். வரும். ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது ஒருவருடைய மடிக்கணினியோடு போய்விடும். கோட்டில் எழுதினால் அது ஒரு கூற்று. "எங்கள் பயனர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்ற கூற்று. அதை மற்றவர் வாசிக்கலாம், மறுக்கலாம், திருத்தலாம்.

எங்களுக்குள் அது நடந்தது. மூதூரிலிருந்து வரும் கூட்டாளி அந்தக் கோட்டை வாசித்துவிட்டுக் கேட்டான்: "இதில கரண்ட் போறது எங்கடா?" ஒரு பகுதிக்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் அந்தப் பகுதியின் றவுட்டர்கள் எல்லாம் ஒன்றாய் எழும்பும், சனமெல்லாம் ஒன்றாய் உள்ளே வரும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் அதை நினைக்கவில்லை. அவன் நாலு வரி சேர்த்தான். இப்போது எங்கள் வடிவத்தில் நடுவில் ஒரு பள்ளமும் அதன்பின் ஒரு செங்குத்து ஏற்றமும் உண்டு. பெட்டி நிரப்பும் திரையில் அவனுடைய கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

கெஸ்ட் ஹவுஸ் தளங்களையும் இதே கண்ணால் பார்க்கிறோம். தெற்கில் டிசம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்றால் எங்கள் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை. போயா ஒன்று வெள்ளிக்கோ திங்களுக்கோ வந்தால் கொழும்பே இங்கே வந்து இறங்கும். எங்கோ எழுதிய மாதிரிச் சுமையை எடுத்து ஒட்டினால் அது நவம்பர் மழையில் கடற்கரை நாற்காலி விரித்த மாதிரித்தான்.

பெரிய இடத்திலும் இதே கதை

நாங்கள் சின்னப் பெடியள், பிழைத்துவிட்டோம். பெரியவர்கள்? அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கொவ் தளம் 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்தது. முதல் நாள் முடிவில் காப்புறுதியில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர் என்று பின்னர் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. பணத்துக்கு அங்கே குறையில்லை. இந்தியாவின் கோவின் தளத்தில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசிப் பதிவு 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்தபோது, தொடக்கத்தில் தடுமாறிப் பிறகு நிமிர்ந்தது. அன்றே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். "4 மணிக்குத் திறக்கும்" என்று அறிவிப்பதே ஒரு சுமை வடிவத்தை எழுதுவதுதான். எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதுகிறோம்.

தெரிந்து எழுதிய ஒரு உதாரணம் எங்கள் நாட்டிலேயே உண்டு. 2022 யூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது, கியூஆரோடு சேர்த்து வாகன இலக்கத்தின் கடைசி எண்ணையும் பார்த்தார்கள். 0, 1, 2 ஒரு பிரிவு. 3, 4, 5 இன்னொரு பிரிவு. 6, 7, 8, 9 மூன்றாவது பிரிவு. மூன்று எண்ணுக்கு இரண்டு நாள், நாலு எண்ணுக்கு மூன்று நாள். பெற்றோல் செட்டில் நாள்கணக்காய் வரிசையில் நின்ற ஓட்டோக்கார அண்ணாமாரிடம் கேளுங்கள், அந்தக் கஸ்டம் இதனால் மட்டும் தீர்ந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எண்ணெய் வரவேண்டும்தான். ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் ஒரே வாசலுக்குக் கூப்பிடாமல் விடலாம் என்பதை அது காட்டியது.

எங்களுக்குச் சொல்லப்படும் மூன்று பதில்கள்

"கிளவுட்டில் போடுங்கோ, தானா விரியும்." விரியும். ஆனால் புதிய இயந்திரம் எழும்ப நேரம் எடுக்கும், எங்கள் மேடு 30 செக்கனில் வந்து நிற்கிறது. இயந்திரம் பத்தாகினாலும் பின்னால் தரவுத்தளம் ஒன்றுதான். கோவினில் வந்த மாதிரி ஓடிபி எஸ்எம்எஸ் கையில் கிடைக்கவும் வேண்டும், அது எங்கள் கையில் இல்லாத வரிசை. இதெல்லாம் சோதித்துப் பார்க்காமல் தெரியவராது.

"வருசத்தில ஒரு நாளுக்கு இவ்வளவு மினக்கெடவேணுமோ?" அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்தத் தளமே இருக்கிறது. மீதி 364 நாளும் நன்றாய் வேலை செய்யும் பெறுபேற்றுத்தளத்தால் யாருக்கு என்ன பயன்?

"கொஞ்சம் பொறுத்தால் எல்லாருக்கும் திறக்கும்தானே." பெறுபேறு என்றால் சரி, ஒரு மணி நேரம் பிந்திப் பார்க்கலாம். 300 இடம் என்றால்? பொறுத்தவருக்கு ஒன்றுமில்லை.

இந்த மூன்றாவது பதிலில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். வடிவத்தை மாற்றிமாற்றி ஓடவிட்டுத் தளத்தைத் திருத்தினோம். இரட்டைப் பதிவை நிறுத்தினோம், படங்களை எடுத்தெறிந்தோம், உள்ளே வருபவருக்கு வரிசை எண் கொடுத்தோம். கடைசியில் தளம் விழாமல் நின்றது. ஆனால் போலிப் பயனர்களில் யாருக்கு இடம் கிடைத்தது என்று பார்த்தபோது, வேகமானவர்களுக்குக் கிடைத்திருந்தது, மெதுவானவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல், எல்லாம் பச்சையாய் இருக்க, குச்சவெளித் தங்கச்சி திரும்பவும் வெளியில் நின்றாள்.

அப்போதுதான் விளங்கியது. பிழை சேர்வரில் மட்டும் இல்லை, விதியிலும் இருக்கிறது. இணைப்பு சமமில்லாத மாவட்டத்தில் "முதலில் வருபவருக்கு இடம்" என்பது பைபர் இருப்பவருக்கு இடம் என்பதன் இன்னொரு பெயர். அடுத்த கருத்தரங்குக்கு அந்த அமைப்பிடம் போய்ச் சொன்னோம். பதிவை இரண்டு நாள் திறந்து வைத்தார்கள். பிரதேசத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கிச் சீட்டுக் குலுக்கினார்கள். அவசரம் போனதும் மேடும் போனது. எங்களுடைய பழைய மலிவுச் சேர்வரே அதைத் தாங்கியது.

ஆகவே

எங்கள் நிலைப்பாடு இதுதான். சனத்துக்காகத் தளம் செய்யும் யாரும், அரசோ தனியாரோ எங்களைப் போன்ற பெடியளோ, "சுமைச் சோதனை செய்தோம்" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த வடிவத்தில் செய்தீர்கள் என்று சொல்லவேண்டும். அந்தக் கோட்டைக் காட்டவேண்டும். அதில் மெதுவான போன் இருக்கிறதா, திரும்ப அமத்துபவர் இருக்கிறாரா, கரண்ட் போய் வருகிறதா என்று நாங்கள் வாசித்துப் பார்க்கவேண்டும். சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் யாரையும் ஒளிக்கக்கூடாது.

தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். இதை வாசித்த உற்சாகத்தில் வேறொருவருடைய தளத்தின் மேல் போலிப் பயனர்களை அவிழ்த்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் செய்தால் அது சோதனை இல்லை, தாக்குதல். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. உங்கள் சொந்தத் தளத்தில், சொந்தச் சேர்வரில் செய்து பாருங்கள்.

செய்யும்போது டிக் கேட்கும் கேள்விக்கு அவசரப்பட்டு ஒரு எண்ணை எழுதாதீர்கள். 7 மணிக்கு யார் எங்கே இருப்பார், கையில் என்ன போன், எத்தனை கோடு சிக்னல், டேட்டா எவ்வளவு மிச்சம் என்று ஒருதரம் யோசித்துவிட்டு எழுதுங்கள். விளங்காவிட்டால் பஸ்ஸேறிக் குச்சவெளிக்குப் போய்க் கேளுங்கள். நாங்கள் அதைப் பிந்தித்தான் செய்தோம்.